சேற்று நிறத்தில் ஒளிந்து நிற்கும் மடையான்: தோப்பும்படி காயல் கரையில் ஒரு கொக்கின் வாழ்க்கை

கொச்சி: மட்டாஞ்சேரிக்குத் தெற்கே, வெல்லிங்டன் தீவை எதிர்நோக்கிய காயல் கரையில் அமைந்துள்ளது தோப்பும்படி. இங்கு 1978-ல் செயல்பாட்டுக்கு வந்த மீன்பிடித் துறைமுகம் விடியலுக்கு முன்பே விழித்துக்கொள்கிறது. படகுகள் வந்து அணையும்போது ஏலக் குரல்களும் ஐஸ் உடைக்கும் ஓசையும் ஒன்று சேர்கின்றன. மேலே பருந்துகள் வட்டமிடுகின்றன. காகங்கள் கூடைகளைச் சுற்றி வருகின்றன. வெள்ளைக் கொக்குகள் சிந்திய மீனுக்காகக் கரையிலேயே நடமாடுகின்றன. இத்தனை ஆரவாரத்துக்கு நடுவே, படகைப் பிணைத்த வடத்தின் மீதோ, கரையோரம் ஒதுங்கிய ஆகாயத்தாமரைத் திட்டின் மீதோ, சேற்று நிறப் பறவை ஒன்று கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு அசைவின்றி நிற்கும். பெரும்பாலானோர் அதைக் கவனிப்பதில்லை.

மிக நெருங்கிச் சென்றால் மட்டுமே கரகரத்த குரலெழுப்பி அது பறக்கும். பறக்கும் அந்தக் கணத்தில்தான் வியப்பு காத்திருக்கிறது. இதுவரை மண்ணாங்கட்டிபோல் தோன்றிய பறவையின் இறக்கைகளும் வாலும் தூய வெண்மையாக விரிகின்றன. சில மீட்டர் தொலைவில் மீண்டும் இறங்கி இறக்கையை மடக்கியதும் வெண்மை மறைந்து, பறவை சேற்றோடு சேறாகிவிடுகிறது.

இதுவே மடையான். தமிழில் குருட்டுக் கொக்கு என்றும் குளத்துக் கொக்கு என்றும் அழைக்கப்படுகிறது, மலையாளத்தில் குளக்கொக்கு. இந்தியாவில் மிகச் சாதாரணமாகக் காணப்படும் நீர்ப்பறவைகளுள் ஒன்றான இதற்குக் காயலின் ஓதமும், நெல் வயலின் மதகும், நகரச் சாலையோர மரமும் ஒரே நேரத்தில் தேவைப்படுகின்றன. இவற்றுள் ஒன்று தவறினாலும் அதன் ஆண்டுக் கணக்கு குலைந்துவிடும்.

பெயரும் உருவமும்

ஈரானின் தென்பகுதியிலிருந்து இந்தியா, இலங்கை, மாலத்தீவு, மியான்மர் வரை மடையான் பரவியுள்ளது. இதை அறிவியல் உலகுக்கு 1832-ல் விவரித்தவர் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் பணியாற்றிய வில்லியம் ஹென்றி சைக்ஸ். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் விலங்கியலாளர் ஜான் எட்வர்டு கிரே நினைவாக 'ஆர்டியோலா கிரேயி' என்ற பெயர் நிலைத்தது.

குருட்டுக் கொக்கு என்ற பெயருக்குக் காரணம் பார்வைக் குறைவு அன்று. ஆள் அருகில் வரும் வரை பறக்காமல் நிற்பதால், கண் தெரியாத பறவை என்று பலர் கருதிவிட்டனர். இந்தியிலும் இதற்குக் குருட்டுக் கொக்கு என்ற பொருளிலேயே பெயர் உண்டு. சிங்களப் பெயரும் அதே பொருளைத் தருகிறது. உண்மையில் அந்தப் பறவை ஆளைப் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறது. தன் நிறத்தின் மீது அதற்கு அத்தனை நம்பிக்கை. மடை என்பது நீர் பாயும் வழி. மடையோரம் காத்து நிற்கும் பறவைக்கு மடையான் என்ற பெயர், அது எவ்வாறு வந்திருப்பினும், பொருத்தமாகவே அமைந்துள்ளது.

உடல் நீளம் ஏறத்தாழ 45 செ.மீ.; எடை கால் கிலோவுக்கும் குறைவு. கழுத்து குட்டையாகத் தெரிந்தாலும் அது தோற்றமே. கழுத்தெலும்புகள் ஆங்கில 'எஸ்' எழுத்தைப்போல் மடிந்து, விசை ஏற்றிய வில்லாக உள்ளே அடங்கியிருக்கின்றன. ஆண், பெண் இரண்டும் ஒரே தோற்றம் கொண்டவை. ஆண்டின் பெரும்பகுதியில் தலையிலும் கழுத்திலும் பழுப்புக் கோடுகள், மங்கிய பழுப்பு முதுகு, மஞ்சள் கலந்த பச்சைக் கால்கள் என எளிய கோலத்தில் இருக்கும்.

ஓர் அடி எடுத்து வைக்கும் வேட்டை

நீரில் நடந்து இரை தேடும் பறவைகள் அனைத்தும் ஒரே ஆழத்தில் நடப்பதில்லை. யார் எங்கே நிற்பது என்பதைக் காலின் நீளமே பெரும்பாலும் முடிவு செய்கிறது. பெருங்கொக்கும் செந்நாரையும் ஆழமான நீரில் இறங்கி நிற்க முடியும். மடையானின் காலில் மூட்டுக்குக் கீழே உள்ள பகுதி சுமார் 6 செ.மீ. மட்டுமே. எனவே அதற்கு உரியது நீரும் நிலமும் சந்திக்கும் ஒரு மெல்லிய விளிம்பு: வரப்பின் ஓரம், வாய்க்காலின் சரிவு, வற்றும் குட்டையின் சேறு, மிதக்கும் தாவரத்தின் மேற்பரப்பு. வேம்பநாட்டுக் காயலைப் போன்ற பரந்த நீர்ப்பரப்பு வரைபடத்தில் எவ்வளவு பெரிதாகத் தெரிந்தாலும், மடையானுக்குப் பயன்படுவது அதன் ஓரம் மட்டுமே. அந்த ஓரத்தில் கருங்கல் சுவர் எழுந்தால், காயல் அங்கேயே இருந்தும் மடையானுக்கு அது இல்லாததற்குச் சமம்.

அதன் வேட்டை பெரும்பாலும் காத்திருத்தல்தான். அலகை நீரை நோக்கித் தாழ்த்தி, பல நிமிடங்கள் அசையாமல் நிற்கும். தேவைப்பட்டால் ஓர் அடி எடுத்து வைக்கும். அந்த ஓர் அடியும் நீரில் வட்டம் எழாத அளவுக்கு மெதுவானது. இரை எட்டும் தொலைவுக்கு வந்ததும் மடிந்திருந்த கழுத்து ஒரே வீச்சில் நீள்கிறது. நீருக்குள் இருக்கும் மீன் ஒளிவிலகலால் உண்மையான இடத்திலிருந்து சற்று விலகித் தெரியும். கொக்குக் குடும்பப் பறவைகள் இந்தப் பிழையைச் சரிசெய்தே அலகைச் செலுத்துகின்றன என்பது ஆய்வுகளில் உறுதியாகியுள்ளது.

சிறு மீன், இறால், நண்டு, தவளை, தலைப்பிரட்டை, தும்பி, நீர்ப்பூச்சி, அட்டை என எதையும் விலக்காத உணவுப் பழக்கம் இதற்கு உண்டு. இதுவே மடையான் நகரத்தில் தாக்குப்பிடிப்பதற்கு முதன்மைக் காரணம். மீன் குறைந்த சாக்கடை வாய்க்காலிலும் அதற்கு ஏதோ ஓர் இரை கிடைத்துவிடுகிறது. பூச்சி போன்ற சிறு பொருளை நீரில் இட்டு, அதைத் தேடி வரும் மீனைப் பிடிக்கும் தூண்டில் உத்தியும் இந்தப் பறவையிடம் பதிவாகியுள்ளது. எல்லா மடையான்களும் இதைச் செய்வதில்லை; ஒரு சில கற்றுக்கொண்ட வித்தை என்றே கொள்ள வேண்டும்.

மீனின் வழவழப்பு இறகில் ஒட்டினால் பறப்பது கடினம். அதற்கும் உடலிலேயே ஏற்பாடு உள்ளது. கொக்கினங்களின் மார்பிலும் இடுப்பிலும் உள்ள சிலவகை இறகுகள் தொடர்ந்து பொடியாக உதிர்கின்றன. அந்தப் பொடியை இறகில் தடவி, வழவழப்பு உறிஞ்சப்பட்டதும், சீப்புப் பற்கள் அமைந்த நடுவிரல் நகத்தால் வாரிவிடுகின்றன. நண்பகலில் வேட்டை ஓய்ந்த மடையான் படகின் விளிம்பில் நின்று நெடுநேரம் உடலைக் கோதுவது இதற்காகத்தான்.

உப்பும் நன்னீரும் மாறும் காயல்

தோப்பும்படியின் நீர் ஆண்டு முழுவதும் ஒரே நீர் அன்று. ஜூன் மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் பெரியாறும் மூவாற்றுப்புழையும் பிற ஆறுகளும் பெருக்கெடுத்து, காயலின் உப்பைக் கடலுக்குத் தள்ளிவிடுகின்றன. நன்னீர் வந்ததும் தெற்கிலிருந்து ஆகாயத்தாமரை கூட்டம் கூட்டமாக மிதந்து வருகிறது. படகோட்டிகளுக்கும் மீனவர்களுக்கும் அது பெருந்தொல்லை. இயந்திரத்தின் விசிறியில் சிக்கும், வலையைக் கிழிக்கும். மடையானுக்கோ அது மிதக்கும் வரப்பு. தன் குட்டைக் காலுக்கு எட்டாத ஆழ்நீரின் நடுவிலும் ஆகாயத்தாமரை இலைகள் மீது நின்று, வேர்களுக்கிடையே ஒளியும் மீன் குஞ்சுகளை அதனால் பிடிக்க முடிகிறது. மழை ஓய்ந்து கடல்நீர் மீண்டும் ஏறும்போது ஆகாயத்தாமரை அழுகி மடிகிறது. மடையான் கரைக்குத் திரும்புகிறது.

அது திரும்பும் கரைகளுள் முக்கியமானவை பொக்காளி வயல்கள். தோப்பும்படியிலிருந்து பள்ளுருத்தி, இடக்கொச்சி வழியே தெற்கே சென்றால் கும்பளங்கியும் செல்லானமும் வருகின்றன. செல்லானத்தின் கண்டக்கடவு வயல்வெளி, பறவை நோக்குவோர் நன்கறிந்த இடம். உப்பு நீரைத் தாங்கி ஆளுயரம் வளரும் பொக்காளி நெல்லுக்கு 2008-ல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. எர்ணாகுளம், திருச்சூர், ஆலப்புழை மாவட்டங்களின் கடலோரத் தாழ்நிலங்களில் மட்டுமே விளையும் இதற்கு உரமோ பூச்சிக்கொல்லியோ இடப்படுவதில்லை.

இந்த வயல்களின் நாட்காட்டி தனித்தன்மை கொண்டது. கோடையின் முடிவில் சேற்றைச் சிறு மேடுகளாகக் குவித்து வைப்பர். மழை அந்த மேடுகளின் உப்பைக் கழுவியதும் ஜூன் மாதத்தில் விதைப்பர். அக்டோபர் இறுதி முதல் அறுவடை நடக்கும். கதிரை மட்டும் கொய்து, தாளை நீரிலேயே அழுக விடுவர். நவம்பர் 15 முதல் ஏப்ரல் 14 வரை அதே வயல் இறால் கெட்டாக மாறுகிறது. மதகைத் திறந்து, உயர் ஓதத்தின்போது காயல் நீரை உள்ளே விடுகின்றனர். அதனுடன் இறால் குஞ்சுகளும் வருகின்றன. அழுகிய தாள் அவற்றுக்கு உணவாகிறது. ஓதம் இறங்கும்போது மதகில் வலை கட்டி வளர்ந்த இறாலைப் பிடிக்கின்றனர். நெல்லின் எச்சம் இறாலுக்கும், இறாலின் எச்சம் அடுத்த நெல்லுக்கும் உதவும் இந்த முறையையே கேரளத்தில் 'ஒரு நெல், ஒரு மீன்' என்கின்றனர்.

மடையானின் வாழ்க்கை இந்த மதகைச் சுற்றியே அமைகிறது. நெல் அடர்ந்து உயர்ந்த மாதங்களில் வயலின் உட்புறம் அதற்குப் பயன்படாது. வரப்பிலும் வாய்க்காலிலும் மட்டும் நிற்கும். அறுவடை முடிந்து, நாளுக்கு இருமுறை நீர் ஏறி இறங்கத் தொடங்கியதும் அதன் நல்ல காலம் பிறக்கிறது. நீர் வடியும் நேரத்தில் மதகின் அருகே வரிசையாக மடையான்களும் சின்னக் கொக்குகளும் நிற்பதைக் காணலாம். நீரோட்டத்தில் திணறும் சிறு மீன்கள் அவற்றுக்கு எளிய இரை. ஏப்ரல் நடுவில் கெட்டுக் காலம் முடியும் நாளில், எஞ்சிய மீனைப் பிடித்துக்கொள்ள ஊர் மக்கள் வயலில் இறங்குவது இப்பகுதியின் பழைய வழக்கம். நூற்றுக்கணக்கான கால்கள் சேற்றைக் கலக்கும் அந்த நாளில், மனிதர்களுக்குப் பின்னாலேயே கொக்குகளும் நடக்கின்றன.

இந்த உறவில் உரசல் இல்லாமல் இல்லை. கெட்டை ஏலம் எடுத்தவருக்குக் கொக்கு கொத்தும் ஒவ்வோர் இறாலும் இழப்பே. எனவே குளங்களின் மேல் வலையும் நூலும் கட்டப்படுகின்றன. பறவைகள் அவற்றில் சிக்குவதும் உண்டு. ஆயினும் மடையானுக்குப் பெரிய ஆபத்து இது அன்று. ஒரு காலத்தில் சுமார் 25,000 ஹெக்டேரில் இருந்ததாகக் கூறப்படும் பொக்காளிச் சாகுபடி, இன்று அதில் ஒரு சிறு பங்காகச் சுருங்கிவிட்டது. கூலி உயர்வு, ஆள் பற்றாக்குறை, நெல்லைவிட இறாலில் கிடைக்கும் வருவாய் ஆகியவற்றால் பலர் நெல்லைக் கைவிட்டு, ஆண்டு முழுவதும் உப்பு நீரைத் தேக்கி மீன் வளர்க்கின்றனர். அவ்வாறு தேங்கிய குளத்தில் நீர் ஏறி இறங்குவதில்லை, ஆழமும் குறைவதில்லை. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு நெல் வயல் போய் நீர்நிலை வந்தது நீர்ப்பறவைக்கு நன்மை என்றே தோன்றும். 6 செ.மீ. காலுள்ள பறவைக்கு அது நேர் எதிரானது. அதற்குத் தேவை வடிந்துகொண்டிருக்கும் நீர்.

காயலின் நீர்த்தரம் மற்றொரு கவலை. 2024 மே மாதத்தில் ஏலூர், எடையாறு தொழிற்பகுதியை ஒட்டிய பெரியாற்றில் மீன்கள் பெருமளவில் செத்து மிதந்தன. கூண்டு முறையில் மீன் வளர்த்தவர்கள் பெரும் இழப்புக்கு உள்ளாயினர். அந்த ஆறு கலப்பதும் இதே காயலில்தான்.

மழையில் மாறும் நிறம்

கேரளத்தில் விசைப்படகுகளின் இழுவலை மீன்பிடிப்புக்கு ஆண்டுதோறும் ஜூன் 9 நள்ளிரவு முதல் ஜூலை 31 வரை 52 நாள்கள் தடை விதிக்கப்படுகிறது. தோப்பும்படித் துறைமுகத்தில் படகுகள் நெருக்கமாகக் கட்டப்பட்டு, ஏலத் தளம் பெருமளவு ஓய்ந்திருக்கும் காலம் அது. சரியாக அந்த வாரங்களில்தான் மடையான் தன் எளிய கோலத்தைக் கைவிடுகிறது. தலையும் கழுத்தும் இளமஞ்சளாக மாறுகின்றன. முதுகில் ஆழ்ந்த மெரூன் நிறத்தில் நீண்ட தூவிகள் விழுகின்றன. பிடரியில் வெண்ணிற நீள் இறகுகள் தோன்றுகின்றன. அலகின் அடிப்பகுதி நீலமாகிறது. சில பறவைகளின் கால்கள் சிவப்பாகவும் மாறுகின்றன. குளிர்காலத்தில் பார்த்தவர் இதையே வேறு பறவை என்று எண்ணக்கூடும்.

கூடு கட்டுவது மரத்தில், பெரும்பாலும் கூட்டமாக. சின்னக் கொக்கு, வக்கா என்னும் இராக்கொக்கு, நீர்க்காகம் ஆகியவையும் அதே மரத்தில் தங்கும். சுள்ளிகளை அடுக்கிய, அடியிலிருந்து பார்த்தால் வானம் தெரியும் அளவுக்குத் தளர்வான மேடையே கூடு. 3 முதல் 5 வரை நீலப்பச்சை முட்டைகள் இடும். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாத்து, குஞ்சுகளுக்கு இரை ஊட்டுகின்றன. முதல் முட்டை இட்டதுமே அடைகாக்கத் தொடங்கிவிடுவதால் குஞ்சுகள் ஒரே நாளில் பொரிப்பதில்லை. ஒரே கூட்டில் பெரியதும் சிறியதுமாகக் குஞ்சுகள் இருக்கும். இரை தாராளமாகக் கிடைக்கும் ஆண்டில் கடைக்குட்டியும் பிழைக்கும். குறைந்த ஆண்டில் மூத்தவை மட்டுமே தேறும்.

கொச்சி நகரின் நடுவே, கேரள உயர் நீதிமன்றத்துக்குப் பின்புறம் உள்ள மங்களவனம் இத்தகைய பறவைகளின் தங்குமிடமாக அறியப்பட்டது. 2004-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இந்த அலையாத்திக் காட்டின் பரப்பு 2.74 ஹெக்டேர் மட்டுமே. வேம்பநாடு-கோல் ஈரநிலம் 2002 முதல் ராம்சார் பட்டியலில் உள்ளது. ஆனால் மடையானைப் பொறுத்தவரை, அது கூடு கட்டும் மரங்களில் பெரும்பாலானவை எந்தச் சரணாலயத்திலும் இல்லை. பேருந்து நிலையம், சந்தை, மருத்துவமனை வளாகம், நெடுஞ்சாலை ஓரம் ஆகிய இடங்களில் கிளை பரப்பி நிற்கும் தூங்குமூஞ்சி மரங்களும் புளிய மரங்களுமே கேரளத்தின் நகரங்களில் அவற்றின் பிள்ளைப்பேற்று மனைகள். ஆள் நடமாட்டமும் இரவு வெளிச்சமும் உள்ள இடத்தில் கூடு கொள்ளையடிக்கும் விலங்குகள் குறைவு என்பது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

அங்குதான் மோதலும் தொடங்குகிறது. மரத்தடியில் எச்சம் விழுகிறது; மழையில் நனைந்து நாறுகிறது; நடைபாதை வழுக்குகிறது; பாதி தின்ற மீன் கடை வாசலில் விழுகிறது. வணிகர்களும் பயணிகளும் புகார் அளிப்பதில் வியப்பில்லை. பெரும்பாலும் கிளையை வெட்டுவதே தீர்வாக முன்வைக்கப்படுகிறது. புகார் எழுவது எச்சம் மிகும் மாதங்களில். அதாவது கூட்டில் முட்டையோ குஞ்சோ இருக்கும் மாதங்களில்.

அதன் விளைவு 2022 செப்டம்பரில் மலப்புறம் மாவட்டத்தில் வெளிப்பட்டது. தேசிய நெடுஞ்சாலை 66-ன் விரிவாக்கத்துக்காக வி.கே.படி என்ற இடத்தில் கூடுகள் நிறைந்த மரம் சாய்க்கப்பட்டது. பறக்கும் திறன் பெறாத நீர்ப்பறவைக் குஞ்சுகள் ஏராளமாகத் தரையில் விழுந்து இறந்தன. அந்தக் காணொளி பரவியதும் மாநிலம் முழுவதும் கண்டனம் எழுந்தது. வனத்துறை வழக்குப் பதிவு செய்தது.

1972-ம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குத் தரப்பட்டுள்ள விளக்கம் பலரும் அறியாதது. துப்பாக்கியால் சுடுவதும் பொறி வைப்பதும் மட்டுமே வேட்டை அன்று. காட்டுப் பறவையின் முட்டையைச் சேதப்படுத்துவதும், முட்டைக்கோ கூட்டுக்கோ இடையூறு செய்வதும் அந்த விளக்கத்துக்குள் அடங்கும். மடையான் காட்டில் வாழ்கிறதா, பேருந்து நிலையத்தில் வாழ்கிறதா என்ற வேறுபாட்டைச் சட்டம் பார்ப்பதில்லை.

தமிழகத்தில் இதே பறவைக் குடும்பத்துக்கு வேறுவிதமான அனுபவமும் உண்டு. வேடந்தாங்கல் விவசாயிகள் 1798-லேயே அன்றைய ஆங்கிலேய ஆட்சியரிடம் பறவைகளைச் சுடக் கூடாது என்ற உத்தரவைப் பெற்றனர். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். திருநெல்வேலி மாவட்டம் கூந்தன்குளத்தில் வீட்டு முற்றத்து மரத்திலும் பறவைகள் கூடு கட்டுகின்றன. கொச்சியின் கடை வாசலில் தொல்லையாக எண்ணப்படும் அதே எச்சம், வேடந்தாங்கலில் விளைச்சலுக்கு உதவியது. கீழே நெல் வயல் இருந்ததும் கான்கிரீட் நடைபாதை இருப்பதுமே வேறுபாடு. அதே தமிழகத்தில் இறைச்சிக்காகக் கொக்கும் மடையானும் பிடித்து விற்கப்படுவதும், வனத்துறை அவற்றை மீட்பதும் அவ்வப்போது செய்தியாவதையும் மறைப்பதற்கில்லை.

நகர மரங்களில் இந்தச் சிக்கலுக்குத் தீர்வு கடினமானதும் அன்று. கூடுகள் காலியாகும் வரை சில மாதங்கள் வெட்டுவதைத் தள்ளிவைப்பதும், அதுவரை மரத்தடியில் வலையோ கூரையோ அமைத்து எச்சத்தைத் தடுப்பதும், நடைபாதையைக் கழுவுவதும் போதும். முட்டை பொரிய ஏறத்தாழ 3 வாரங்கள். அதன் பின் குஞ்சு இறக்கை முற்றிக் கூட்டை விட்டுக் கிளம்பச் சில வாரங்கள். ஒரு கூட்டுக்கு ஆகும் காலம் அவ்வளவே.

உலக அளவில் மடையான் அழியும் ஆபத்தில் உள்ள பறவை அன்று. இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியத்தின் பட்டியலில் அது கவலைக்குரிய நிலையில் இல்லாத இனமாகவே இடம்பெற்றுள்ளது. அரிய பறவைக்காக வழக்கு தொடுப்பவர்களும் ஆய்வு நடத்துபவர்களும் உண்டு. எங்கும் இருக்கும் பறவை ஓர் ஊரின் வயலிலிருந்தோ தெருவிலிருந்தோ மறைந்தால் அதைக் குறித்து வைப்பவர் அரிது.

மழை ஓயும் வேளையில் இளம் மடையான்கள் மரத்தை விட்டுக் கிளம்புகின்றன. பெரியவற்றின் மெரூன் தூவிகள் உதிர்ந்து, மீண்டும் சேற்று நிறம் படர்கிறது. காயலில் உப்பு ஏறுகிறது, ஆகாயத்தாமரை கருகுகிறது. செல்லானத்தில் எஞ்சியுள்ள பொக்காளி வயல்களில் கதிர் கொய்யப்பட்டு, நவம்பர் நடுவில் மதகின் பலகைகள் தூக்கப்படும்போது, நீரோட்டத்தின் இருபுறமும் மடையான்கள் முன்கூட்டியே வந்து நிற்கும்.